மைல்ட் ஹைபிரிட் கார்கள்: மட்டக்களப்பு, அம்பாறை வாகன உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில், கியூ.ஆர். அட்டைக்குக் காருக்கு வாரம் 20 லீற்றர் என்ற கட்டுப்பாடு வந்தபோதுதான் நம்மில் பலர் ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினோம். வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறக்கப்பட்ட பின்னர், ‘ஹைபிரிட்’ என்ற பெயரோடு விற்பனைக்கு வரும் சிறிய கார்களைப் பற்றிய கேள்விகள் கூடியிருக்கின்றன. அவற்றுக்கான விடைகள் கீழே தரப்படுகின்றன.

மைல்ட் ஹைபிரிட் என்பது எது? பிரியஸ், அக்வா போன்ற கார்களிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது?

சாதாரண காரில் டைனமோ இருக்கும் இடத்தில், மின்சாரம் பிறப்பிக்கவும் தேவையானபோது மோட்டாராகச் சுழலவும் வல்ல ஒரு பொறி மைல்ட் ஹைபிரிட் காரில் பூட்டப்பட்டிருக்கும். இதனை ஐ.எஸ்.ஜி. என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். கார் வேகம் குறையும்போது சக்கரங்களின் ஓட்டத்திலிருந்து மின்சாரம் எடுத்து ஒரு சிறிய லித்தியம் அயன் பற்றரியில் சேர்ப்பதும், கார் புறப்படும்போதும் வேகம் எடுக்கும்போதும் அந்த மின்சாரத்தைக் கொண்டு பெல்ட் வழியாக எஞ்சினுக்குக் கைகொடுப்பதும் இதன் வேலை.

வேறுபாடு அளவில் இருக்கிறது. முழு ஹைபிரிட்டான அக்வாவின் மோட்டார் 45 கிலோவாற் வலுவுடையது. எஞ்சின் நின்றிருக்க, மோட்டார் தனியே காரை இழுத்துச் செல்லும். 2014ஆம் ஆண்டு சுசுகி வேகன் ஆர் காரில் வந்த ஐ.எஸ்.ஜி.யின் வலு 1.6 கிலோவாற் மட்டுமே. இந்த முறை புதிதன்று. டொயோட்டா நிறுவனம் 2001ஆம் ஆண்டிலேயே தனது கிரவுன் காரில் இதனைப் பொருத்தி விற்பனைக்கு விட்டது.

அப்படியானால் மோட்டாரில் மட்டும் ஓடவே ஓடாதா?

ஓடாது. 2017இல் வந்த வேகன் ஆர் ஹைபிரிட்டில் மோட்டாரின் வலு 2.3 கிலோவாற்றாக உயர்த்தப்பட்டதால், நெரிசலில் ஊர்ந்து செல்லும் வேகத்தில் சில விநாடிகளுக்கு எஞ்சின் இல்லாமல் நகரும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. விற்பவர் “கரண்டில் ஓடும்” என்று சொன்னால் அந்தப் பேச்சைப் பாதியாகக் குறைத்துக் கேட்பது நல்லது.

பிறகு பெற்றோல் எங்கேதான் மிச்சமாகிறது?

பெரும்பாலானோர் நினைப்பதுபோல மோட்டார் தரும் உந்துதலில் அன்று. சிறிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும்.

இருவர் ஏறிய சிறிய கார் ஒன்றின் எடை 900 கிலோ என்று கொள்வோம். அது மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது அதனிடம் இருக்கும் இயக்கச் சக்தி ஏறத்தாழ 87 கிலோயூல். ஒன்றரைக் கிலோவாற் அளவில் மின்சாரம் எடுக்கக்கூடிய ஐ.எஸ்.ஜி., கார் நிற்பதற்கு எடுக்கும் எட்டு விநாடிகளில் 12 கிலோயூல் அளவைத்தான் மீட்டெடுக்கும். எஞ்சியது காற்றுத் தடையிலும், எஞ்சினைச் சுழற்றுவதிலும், பிரேக் பட்டைகளின் சூட்டிலும் போய்விடுகிறது. மீட்ட அந்த 12 கிலோயூலை எஞ்சின் தானே தருவதாயின், எரிபொருளின் சக்தியில் கால்பங்கே சக்கரத்துக்குப் பயன்படுகிறது என்ற கணக்கில், ஒன்றரை மில்லிலீற்றருக்குச் சற்றுக் குறைவான பெற்றோல் போதும். நூறு தடவை நின்று புறப்பட்டால் மிச்சமாவது ஒரு தேநீர்க் கோப்பை அளவு.

ஆனால் மின்சாரச் சுமை வேறு கதை. ஏசியின் காற்றாடி, முன்விளக்கு, எரிபொருள் பம்ப், வானொலி எல்லாம் சேர்ந்து 300 வாற் எடுக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண காரில் டைனமோ இதை ஓயாமல் எஞ்சினிடமிருந்து பிடுங்கிக்கொண்டே இருக்கும். டைனமோவில் ஏற்படும் இழப்பையும் எஞ்சினில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால், மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு லீற்றர் பெற்றோல் இதற்கு மட்டும் செலவாகிறது. இந்தச் சுமையின் ஒரு பகுதியை, வேகம் குறையும்போது இலவசமாகக் கிடைத்த மின்சாரத்துக்கு மாற்றிவிட்டால், எஞ்சின் இழுக்கும் நேரத்தில் டைனமோவின் பாரம் இறங்கிவிடுகிறது.

மூன்றாவது, எஞ்சினை நிறுத்தி வைப்பது. ஏசி ஓடிக்கொண்டிருக்க, நின்ற இடத்தில் சுழலும் ஒரு சிறிய எஞ்சின் மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் அளவில் குடிக்கிறது. நிமிடத்துக்கு எட்டு மில்லிலீற்றர். ஏறாவூர் ரயில் கடவையில் கேற் போட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தால், மேலே சொன்ன மோட்டார் உந்துதல் இருபத்தைந்து தடவையில் தருவதைவிடக் கூடுதலான பெற்றோல் அந்த ஒரே இடத்தில் மிச்சமாகும்.

சுசுகியின் எனே சார்ஜ், எஸ்-எனே சார்ஜ் இரண்டும் ஒன்றா?

இல்லை. நம் பகுதியில் ஓடும் வேகன் ஆர் கார்களை வாங்குவோரிடையே மிகுந்த குழப்பத்தை உண்டாக்குவது இதுவே. 2012இல் வந்த எனே சார்ஜில் மோட்டார் உந்துதல் கிடையாது. கூடுதல் வலுவுள்ள டைனமோ, முன் ஆசனத்தின் கீழ் ஒரு சிறிய லித்தியம் பற்றரி, கார் மணிக்கு 13 கிலோமீற்றருக்குக் கீழே வந்ததும் எஞ்சினை நிறுத்தும் வசதி ஆகிய மூன்றுமே அதில் உண்டு. 2014இல் வந்த எஸ்-எனே சார்ஜில்தான் டைனமோவின் இடத்தில் ஐ.எஸ்.ஜி. வந்தது, மைல்ட் ஹைபிரிட் என்ற பெயருக்கு உரியது அதுதான்.

ஜப்பானின் ஜேசி08 பரிசோதனையில், 2013இல் மேம்படுத்தப்பட்ட முதலாவது லீற்றருக்கு 30 கிலோமீற்றரும், இரண்டாவது 32.4 கிலோமீற்றரும் காட்டின. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு எட்டு வீதம் என்பதை இந்த எண்களே சொல்கின்றன. அந்தப் பரிசோதனை ஏசியை அணைத்து, ஆய்வுகூட உருளைகளின் மேல் நடத்தப்படுவது என்பதால், 30 என்றோ 32 என்றோ கேட்டு வாங்கிய எவருக்கும் கல்முனை வீதியில் அந்த எண் கிடைக்கப் போவதில்லை.

நம் வீதிகளில் உண்மையில் எவ்வளவு பயன் கிடைக்கும்?

எந்த வீதி, எந்த நேரம் என்பதைப் பொறுத்தது. மாலை ஆறு மணிக்குக் காத்தான்குடிப் பிரதான வீதியில், நடுவே பேரீச்ச மரங்கள் நிற்கும் பகுதியில் செல்லும்போது டாஷ்போர்ட்டைக் கவனியுங்கள். முன்னால் ஓர் ஓட்டோ திடீரென்று நிற்கிறது; பிரேக்கில் கால் வைத்ததும் பற்றரிச் சின்னத்தை நோக்கி அம்புக்குறி ஓடுகிறது; நிற்பதற்கு முன்னரே எஞ்சின் அடங்கிவிடுகிறது; காலை எடுத்ததும் ஸ்டார்ட்டர் உறுமும் சத்தம் இல்லாமல், பெல்ட்டின் மெல்லிய இழுப்போடு மீண்டும் உயிர் பெறுகிறது. இந்த முறைக்காகவே செய்யப்பட்ட ஓட்டம் இது. ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று குடியிருப்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் கரையோர வீதியில், வேகம் அடிக்கடி ஏறி இறங்குவதால் ஓரளவு பயன் உண்டு.

புணாணை தாண்டிப் பொலன்னறுவைப் பக்கம் போகும்போதோ, அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் நோக்கிப் போகும்போதோ நிலைமை மாறிவிடும். சமதரையில் ஒரே வேகத்தில் ஓடும் கார் பிரேக் பிடிப்பதே இல்லை. பிடிக்காத பிரேக்கிலிருந்து மின்சாரம் வராது. அங்கே உங்கள் காரின் எரிபொருள் சிக்கனத்துக்குக் காரணம் சிறிய எஞ்சினும், குறைந்த எடையும், படிகள் இல்லாமல் மாறும் சீ.வீ.ரி. கியர்பெட்டியுமே.

கண்டியிலிருந்து திரும்பும்போது 18 வளைவில் இறங்கினால் பற்றரி நிரம்பிவிடும், பிறகு வெகுதூரம் அதில் ஓடலாம் என்கிறார்களே?

நிரம்புவது உண்மை, வெகுதூரம் என்பது இல்லை. செங்கலடியிலிருந்து மகா ஓயா, மகியங்கனை வழியாகப் போய்த் திரும்பும் அனைவரும் இதைப் பார்த்திருப்பார்கள். 400 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கும் 900 கிலோ காரிடம் ஏறத்தாழ 980 வாற்மணி சக்தி இருக்கிறது. எனே சார்ஜ் லித்தியம் பற்றரியின் கொள்ளளவோ 12 வோல்ற், 3 அம்பியர்மணி. அதாவது 36 வாற்மணி. இரண்டாவது மூன்றாவது வளைவிலேயே அது நிரம்பிவிடும். அதன் பிறகு இறங்கும் தூரம் முழுவதும் பிரேக்குக்கும் எஞ்சினுக்குமே சொந்தம்.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் இன்னும் மிச்சம் என்று எண்ணுவது தவறு மட்டுமன்று, ஆபத்துமாகும். கியரில் இருக்கும்போது எரிபொருள் தெளிப்பு தானாகவே முற்றாக நிறுத்தப்படுகிறது. நியூட்ரலில் எஞ்சினை ஓடவைக்கப் பெற்றோல் ஊற்றவேண்டி இருப்பதோடு, எஞ்சின் பிடிப்பு இல்லாமல் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது.

ஏசி போட்டால் எஞ்சின் நிற்பதில்லை. நின்றாலும் உடனே மீண்டும் ஓடத் தொடங்குகிறது. பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை. இவ்வகைச் சிறிய கார்களில் ஏசி கம்பிரசரை எஞ்சினின் பெல்ட்டே சுழற்றுகிறது. எஞ்சின் நின்றால் கம்பிரசரும் நிற்கும். முழு ஹைபிரிட்களில் கம்பிரசருக்குத் தனி மின்மோட்டார் உண்டு என்பதால் அவற்றோடு ஒப்பிட வேண்டாம். சுசுகி இதற்கு ஈடாக, குளிரைச் சேமித்து வைக்கும் ஒரு பொருளை ஏசியின் உட்பகுதியில் அடைத்து, எக்கோ கூல் என்ற பெயரில் வழங்கியது. ஜப்பானின் கோடைக்கு அது போதுமாக இருக்கலாம். சித்திரை, வைகாசி மாதங்களில் மதிய வெயிலில் நிறுத்தியிருந்த காரில் ஏறினால் அந்தக் குளிர் சிறிது நேரத்திலேயே கரைந்துவிடும். உள்ளே வெப்பம் கூடுவதை உணர்ந்த கணினி எஞ்சினை மீண்டும் இயக்குகிறது.

ஏசியை அணைத்த பின்னரும் எஞ்சின் நிற்க மறுத்தால், எஞ்சின் இன்னும் சூடாகவில்லை, ஆசனப் பட்டி மாட்டப்படவில்லை, ஸ்டியரிங் திருப்பப்பட்டிருக்கிறது, வண்டி சரிவில் நிற்கிறது ஆகிய காரணங்களைப் பாருங்கள். இவை எவையும் இல்லாவிட்டால், பொனற்றின் கீழே உள்ள ஈய அமிலப் பற்றரியைச் சந்தேகிக்க வேண்டும்.

காரில் இரண்டு பற்றரிகள் இருக்கின்றன. எது பழுதாகும்? சாதாரண பற்றரி போடலாமா?

முதலில் தளர்வது பொனற்றின் கீழ் இருக்கும் ஈய அமிலப் பற்றரிதான். நாளொன்றுக்குப் பல தடவை எஞ்சின் நிற்க, அந்த நேரமெல்லாம் விளக்குக்கும் காற்றாடிக்கும் மின்சாரம் தரும் சுமையில் இதற்கும் பங்குண்டு. அடிக்கடி இறங்கி ஏறும் சார்ஜைத் தாங்கும்படி தடித்த தகடுகளோடு, எஞ்சின் நின்று புறப்படும் வாகனங்களுக்கென்றே செய்யப்பட்ட பற்றரி அது. விலை கூட என்பதால் சாதாரண பற்றரியைப் பூட்டிவிடுபவர்கள் உண்டு. அவ்வாறு பூட்டினால் சில மாதங்கள் குறையின்றி ஓடும்; பிறகு எஞ்சின் நிற்பது அரிதாகும்; அதற்குப் பிறகு பற்றரியே காலை வாரும். எஞ்சின் நிறுத்தும் வசதியை நிரந்தரமாக அணைத்து வைத்திருப்பவருக்குச் சாதாரண பற்றரி போதும். ஆனால் அவர் ஹைபிரிட்டுக்குக் கொடுத்த பணத்தில் பாதியைக் கைவிட்டவராகிறார்.

பற்றரி மாற்றிய பின்னர், பழைய பற்றரியில் எவ்வளவு மின்சாரம் போய் வந்தது என்று கணினி வைத்திருக்கும் கணக்கை ஸ்கானரால் அழிக்க வேண்டும். இதைச் செய்யாத காரணத்தால், புதிய பற்றரி போட்டும் எஞ்சின் நிற்கவில்லை என்று மீண்டும் கராஜுக்கு வருபவர்கள் ஏராளம். மாற்றும்போதே பாஸிடம் இதைக் கேட்டுச் செய்வித்துக்கொள்ளுங்கள்.

லித்தியம் பற்றரி நீண்ட நாள் உழைக்கக்கூடியது. ஆசனத்தின் கீழ் இருப்பதால் ஈரக் குடையையும், மீன் வாங்கிய பையையும் அங்கே செருகாமல் இருந்தாலே பெரும்பகுதிப் பராமரிப்பு முடிந்துவிடும். பழுதான கலத்தைத் திறந்து தனிக் கலம் மாற்றித் தருவதாகச் சொல்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

பெல்ட் சத்தம் போடுகிறது. சாதாரண பெல்ட் மாற்றினால் போதுமா?

போதாது. சாதாரண காரில் பெல்ட் ஒரு பக்கமாகவே இழுக்கப்படும். இங்கே சார்ஜ் எடுக்கும்போது ஒரு பக்கம், எஞ்சினை இயக்கும்போது மறுபக்கம் என்று இழுவை மாறிக்கொண்டே இருக்கும். அதனால் பெல்ட்டும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் அந்த மொடலுக்கு உரியவையாகவே இருக்க வேண்டும். கல்லடி, பாசிக்குடா, மருதமுனை போன்ற கடற்கரையோரங்களில் வைத்திருக்கும் கார்களில் உப்புக்காற்றும் மணலும் டென்ஷனரின் பெயரிங்கைத் தின்றுவிடுகின்றன. காலையில் முதல் தடவை எஞ்சின் நின்று புறப்படும்போது மட்டும் கீச்சென்று கேட்டால், அது தொடக்க அறிகுறி.

மின்சாரம் தாக்குமா? 48 வோல்ற் என்று சொல்கிறார்களே?

நம் சிறிய கார்களில் உள்ளது 12 வோல்ற் முறை. 48 வோல்ற் என்பது பெரும்பாலும் ஐரோப்பியக் கார்களில் வருவது. 12 வோல்ற்றில் 12 கிலோவாற் வலு வேண்டுமானால் ஆயிரம் அம்பியர் ஓட வேண்டும்; 48 வோல்ற்றில் 250 அம்பியர் போதும், கம்பியும் மெலிதாகும். அதற்கு மேல் போகாததற்குக் காரணம், நேரோட்ட மின்சாரத்தில் 60 வோல்ற்றைக் கடந்தால் வாகன விதிகள் அதனை உயர் அழுத்தமாகக் கொண்டு, தனிக் காப்பும் செம்மஞ்சள் நிறக் கம்பியும் கோருவதே.

ஹொண்டா ஃபிட் ஜீ.பி.1, இன்சைட் கார்களை இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டாம். அவற்றின் மோட்டாரும் எஞ்சினுக்கு உதவும் வகையைச் சேர்ந்ததே என்றாலும், பின்புறம் இருக்கும் நிக்கல் பற்றரி 100 வோல்ற் அளவிலானது. செம்மஞ்சள் கம்பி தெரிந்தால் பயிற்சி பெற்றவரைத் தவிர வேறு எவரும் கைவைக்கக் கூடாது.

மாரி வெள்ளத்தில் ஓட்டலாமா?

தேங்கிய நீர் சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொடும் அளவாயின் எந்தக் காரையும் இறக்கக் கூடாது. மைல்ட் ஹைபிரிட்டில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, நீருக்குள் செல்லும் முன்னர் எஞ்சின் நிறுத்தும் வசதியை அதற்குரிய சுவிட்சால் அணைத்துவிடுங்கள். புகைக்குழாய் நீருக்குள் இருக்கும்போது எஞ்சின் தானாக நின்றுவிட்டால், மறுபடி ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மற்றது, காரின் உள்ளே நீர் புகுந்து ஆசனத்தின் அடிப்பகுதி நனைந்திருந்தால் சாவியைத் திருப்ப வேண்டாம். பொனற்றைத் திறந்து ஈய அமிலப் பற்றரியின் மறை முனையைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்து வாருங்கள். 2011 ஜனவரி வெள்ளம் போன்ற ஒன்று வரும் என்று எச்சரிக்கை கிடைத்தால் காரை மேட்டுக்கு ஏற்றிவிடுவதே மலிவான வைத்தியம்.

பழைய காருக்கு இதைப் பூட்ட முடியுமா?

முடியாது. எஞ்சின் கணினி, பிரேக் சென்சர், பெல்ட் அமைப்பு எல்லாம் ஒன்றோடொன்று பேசவேண்டிய முறை இது.

கூடுதல் விலை கொடுத்து வாங்கத் தகுமா?

மாதம் ஆயிரம் கிலோமீற்றர் ஓடும் ஒருவருக்கு, லீற்றருக்கு 18 கிலோமீற்றர் கிடைக்கும் சாதாரண மொடலில் 55 லீற்றருக்குச் சற்று மேல் தேவைப்படும். எட்டு வீத முன்னேற்றம் முழுமையாகக் கிடைத்தால் மாதம் நான்கு லீற்றர் மிச்சம். அன்றைய பெற்றோல் விலையால் அதைப் பெருக்கி, விலை வித்தியாசத்துக்கு நீங்கள் கட்டும் லீசிங் வட்டியோடு ஒப்பிடுங்கள். பல பேருக்கு வட்டியே கூடுதலாக வரும். நகருக்குள் நாள் முழுவதும் ஓடும் வாடகைக் கார்க்காரருக்குக் கணக்கு வேறாக இருக்கும். அவருக்கு நான் தயங்காமல் வாங்கச் சொல்வேன்.

பாவித்த மைல்ட் ஹைபிரிட் ஒன்றைப் பார்க்கப் போகும்போது என்ன கவனிக்க வேண்டும்?

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் பெல்ட்டின் கீச்சொலியும் பற்றரியின் தளர்ச்சியும் தெரியாது. எஞ்சின் நிறுத்தும் சுவிட்ச் அணைக்கப்பட்டிருந்தால் அதைப் போடச் சொல்லி, எஞ்சின் சூடான பிறகு ஏசியை அணைத்து, நான்கைந்து தடவை நின்று புறப்பட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் நிற்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் தயக்கமின்றிப் புறப்பட வேண்டும். பொனற்றைத் திறந்து பற்றரியின் மேல் எழுதியிருக்கும் வகை எண், காரின் கையேட்டில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். முன் ஆசனத்தைப் பின்னுக்குத் தள்ளி, பற்றரிப் பெட்டியின் ஆணிகளில் துரு, கம்பளத்தின் அடியில் காய்ந்த சேறு இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். சேறு கையில் பட்டால், விலை எவ்வளவு இறங்கினாலும் திரும்பிவிடுங்கள்.